அப்பா பெயருக்கு வந்த சம்மன்

போன வருடம் மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, கள்ளக்குறிச்சி நீதிமன்ற வராந்தாவில் நடந்தது இது. ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்னால், கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து ஆரம்பித்தால்தான் சரியாக வரும்.

அந்த வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். நான் எட்டாவது படிக்கும்போதே அம்மா போய்விட்டார். அப்பா, இந்தச் சம்மன் வருவதற்கு முந்தைய வைகாசியில், மாரடைப்பு வந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள். கூடப் பிறந்தவர்கள் கிடையாது. எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்துவிட்டு, சூரிய ஒளியில் ஓடும் மோட்டார்களைப் பொருத்திப் பராமரிக்கிற ஒரு கம்பெனியில் சர்வீஸ் வேலை பார்க்கிறேன். ஒரு நாள் கல்வராயன் மலை மேலே, ஒரு நாள் கீழே கரும்புக் கொல்லையில். அதற்கு அப்பாவின் மோட்டார் சைக்கிள்தான்.

தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு போலீஸ்காரர் வந்து நின்று, அப்பா பெயரை முழுசாகச் சொல்லி, "அவரு வூடுதான இது? இருக்காரா?" என்றார்.

எட்டு மாதமாக யாரும் அப்படிக் கேட்டதில்லை. நான் ஒரு நொடி வீட்டுக்குள்ளே திரும்பிப் பார்த்துவிட்டேன். இதை எழுதவே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

"இல்லைங்க. வைகாசியில இறந்துட்டார்" என்றேன்.

அவர் கையில் இருந்த தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார். "சிக்னல் கேசும்மா இது. ஐப்பசியில தாண்டனதுன்னு போட்டுருக்குதே. ஃபைன் கட்டலன்னு கோர்ட்டுக்குப் போயிடுச்சி." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் சம்மன் குடுக்க வந்தவன். மிச்சத்த அங்க சொல்லிக்குங்க. டெத் சர்டிபிகேட் மறக்காம எடுத்தும் போங்க" என்றார். அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் "மகள்" என்று எழுதிக் கொடுத்தேன்.

அவர் போன பிறகு பீரோவைத் திறந்து அப்பாவின் போனை எடுத்தேன். அந்த நம்பர் செத்துவிடக் கூடாது என்று மாதாமாதம் ரீசார்ஜ் மட்டும் செய்துகொண்டிருந்தேனே தவிர, போனை அணைத்து வைத்து வெகு நாளாகிவிட்டது. சார்ஜ் ஏற்றித் திறந்ததும் மெசேஜ்கள் வரிசையாக வந்து விழுந்தன. மூன்று மெசேஜ்கள் போக்குவரத்துப் போலீஸிடமிருந்து. மூன்றிலும் அப்பாவின் பெயர், வண்டி எண், சிவப்பு விளக்கை மீறியதற்கான அபராதம், கட்ட வேண்டிய கடைசி நாள். யாருமே பார்க்காத ஒரு போனுக்கு அவை பொறுமையாக வந்துகொண்டே இருந்திருக்கின்றன.

கூடவே ஒரு படம். வண்டியைப் பின்னாலிருந்து எடுத்தது. நம்பர் பிளேட் தெளிவாக இருந்தது. ஓட்டுகிறவர் ரெயின்கோட்டும் பெரிய ஹெல்மெட்டும் போட்டிருந்தார். ஆணா, பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியாது.

ஆனால் எனக்குத் தெரியாதா? அன்று எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு கிணற்று மோட்டாரைச் சரிசெய்துவிட்டு மழையோடு வந்துகொண்டிருந்தேன். கள்ளக்குறிச்சி நான்குமுனைச் சந்திப்பை நெருங்கும்போது மஞ்சள் சிவப்பானதைப் பார்த்தேன். குறுக்கே யாரும் வரவில்லை. போய்விட்டேன். வீட்டுக்குச் சீக்கிரம் போய் ஆக வேண்டிய காரியம் ஒன்றும் இல்லை. அவசரம் என்று சொல்வதற்குக்கூட வழியில்லாத ஒரு தவறு.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மலைக்குப் போகிற பஸ்ஸில் இருபத்தாறு வருடம் டிரைவராக இருந்தவர். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கியவர்மேல் ஒரு வழக்கு கிடையாது, ஒரு கீறல் கிடையாது. அதில் அவருக்கு வெளியே சொல்லாத ஒரு பெருமை. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் பஸ்ஸை நிறுத்திவிட்டு, தானே இறங்கி நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். ஊருக்குள்ளே சிக்னலில் மஞ்சள் விழுந்தாலே நின்றுவிடுவார். அவருடைய கண்டக்டர் கேலி செய்வதை நானே கேட்டிருக்கிறேன்: "இன்னா டிரைவரே, அந்தக் கம்பத்துக்குப் பொண்ணு குடுத்துருக்கியா? இவ்ளோ மரியாத குடுக்குற?" அப்பா சிரித்துக்கொண்டு பிரேக்கில் கால் வைத்தபடியே இருப்பார். கோர்ட் வாசல் வழியாகப் போகும்போது, "இந்தக் கேட்டுக்குள்ள இன்னும் என் காலு படல, தெரியுமா?" என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்.

இப்போது அந்தக் கேட்டுக்குள்ளே அவர் வர வேண்டும் என்று தாள் வந்துவிட்டது. சிக்னல் தாண்டியதற்காக.

வண்டியை ஏன் இன்னும் என் பெயருக்கு மாற்றவில்லை என்று நீங்கள் கேட்கலாம். எதையும் பட்டியல் போட்டுச் செய்வது என் பழக்கம். வேலைக்குப் போகும்போதுகூட டூல் பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஓர் அட்டை ஒட்டி வைத்திருக்கிறேன். அப்பா போன பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே ஒரு நோட்டில் எழுதினேன். ரேஷன் கார்டில் பெயர் நீக்கம். மின் இணைப்பு. சமையல் கேஸ். வங்கிக் கணக்கு. வீட்டு வரி. வேலை செய்த இடத்திலிருந்து வர வேண்டியவை. வாரிசுச் சான்றிதழ். கடைசி வரியில் வண்டி.

ஒவ்வொன்றாக முடித்துக் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள், இந்த வயதில் எவ்வளவு பொறுப்பு என்று. ஆனால் ஒவ்வொரு கோடும் அப்பாவின் பெயரை ஓர் இடத்திலிருந்து அடித்துவிட்டு வருகிற கோடு. மின்கட்டண அட்டையில் என் பெயர் வந்த நாள் அதை மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன். மூன்று மாதத்தில் மற்றதெல்லாம் முடிந்தது. வண்டி என்று எழுதியிருந்த கடைசி வரிக்கு வந்ததும், அடுத்த வாரம் என்றேன். அதற்கு அடுத்த வாரம் என்றேன். அது நான் தெரிந்தே தள்ளிப்போட்டது என்பதை அந்தச் சம்மன் கைக்கு வரும்வரை எனக்கு நானே ஒப்புக்கொள்ளவில்லை.

ஆன்லைனில் கட்டிவிடலாமா என்று பார்த்தேன். கோர்ட்டுக்குப் போய்விட்டதால் நேரில் வர வேண்டும் என்றது. லீவு கேட்டபோது மேனேஜர், "தனியா போவாத, யாரயாச்சும் கூட இட்டும் போ" என்றார். சரி என்று போனில் பெயர்களைத் தள்ளிப் பார்த்தேன். வெள்ளிமலை 5 எச்.பி. கோமுகி 7.5 எச்.பி. கேபிள் கடை. பேனல் துடைக்கிற அக்கா. என் போனில் இருந்தவர்கள் பாதிப் பேர் மோட்டாரின் குதிரைத்திறனோடு இருந்தார்கள். கோர்ட்டுக்குக் கூட வருகிறீர்களா என்று கேட்கிற அளவுக்கு அதில் ஒருவரும் இல்லை. கூடப் படித்தவர்கள் சென்னையிலும் ஓசூரிலும் இருக்கிறார்கள். போனை மேஜைமேல் வைத்துவிட்டு, எடுத்துப்போக வேண்டியவற்றை எழுதினேன். சம்மன், இறப்புச் சான்று அசல் ஒன்று நகல் மூன்று, வாரிசுச் சான்று, ஆர்.சி., என் லைசென்ஸ், ஆதார் இரண்டு பேருடையதும்.

வியாழக்கிழமை பத்து மணிக்கெல்லாம் போய்விட்டேன். வண்டியை எடுத்துப்போக மனம் வரவில்லை. டவுன் பஸ்ஸில் போனேன். சின்னச் சின்னப் போக்குவரத்து வழக்குகளை எடுக்கிற நாள் அது. வராந்தாவில் இரண்டே பெஞ்சு, ஆனால் ஐம்பது பேர். எல்லோரும் யாராவது ஒருவரோடு வந்திருந்தார்கள். ஹெல்மெட் போடாததற்கு வந்த ஒரு பையனுக்கு அவன் அம்மா, அப்பா, சித்தப்பா என்று மூன்று பேர்.

வளாகத்தில் ஒரு புங்க மரத்தடியில் வக்கீல் குமாஸ்தா ஒருவர் நின்றிருந்தார். சம்மனை வாங்கிப் பார்த்தார்.

"ஓனரு எறந்துட்டாரு, அப்படித்தான? அப்பறம் இன்னாத்துக்கு பாப்பா பயப்புடுற? டெத் சர்டிபிகேட்ட நீட்டு. கேஸ் அத்தோட முடிஞ்சிடும். வக்கீலே தேவயில்ல."

"வண்டியை ஓட்டினது யாருன்னு கேட்டா?"

"தெரியலன்னு சொல்லு. படத்துல மூஞ்சியா தெரியுது? கேக்கவும் மாட்டாங்க, இருக்குற கூட்டத்துல." அப்புறம் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஓட்டனது யாருன்னு நான் கேக்கல பாப்பா. நீயும் எனக்கு சொல்லாத" என்று சிரித்தார்.

நல்ல மனிதர்தான். ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது. இறந்தவரை யாரும் தண்டிக்கப் போவதில்லை. என்மேலும் ஒரு வழக்கு விழாது. அரசு வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்த நேரம் அது. என் பெயரில் ஒன்று ஏறினால் நாளைக்கு யார் என்ன கேட்பார்களோ என்ற பயமும் இருந்தது. தெரியவில்லை என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டுதான் வராந்தாவுக்குத் திரும்பினேன்.

பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா. கூட அவர் கணவர். குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவர் அவர். தலை குனிந்தே இருந்தார்.

"குடிச்சது இவரு. கூலி போனது எனக்கு" என்று அந்த அக்கா என்னிடம் சொன்னார். "நேத்து வரைக்கும் வாய் கிழியுது, நான் யாரு தெரியுமான்னு. இன்னிக்குப் பாரு, பள்ளிக்கூடத்துல சேக்க இட்டாந்த புள்ள மாதிரி குந்திக்கினு கீறாரு."

"சும்மா இருடி" என்றார் கணவர், தரையைப் பார்த்தபடி.

"ஜட்ஜம்மா கேக்கும்போது இத சொல்லு, சும்மா இருடின்னு. பாக்கலாம்." பிறகு என் பக்கம் திரும்பி, "உங்கூட யாரும்மா வந்துருக்காங்க?" என்றார்.

"யாரும் இல்லக்கா."

அவர் கணவரை முழங்கையால் தள்ளி நகரச் சொல்லி, எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டார்.

நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடுகிற முறையை நான் அதுவரை பார்த்ததில்லை. வெள்ளை உடுப்பும் மார்பில் குறுக்கே சிவப்புப் பட்டையும் போட்ட ஓர் ஊழியர் வாசற்படியில் வந்து நிற்பார். டவாலி என்று அவரைச் சொன்னார்கள். உள்ளே பெயர் சொல்லப்பட்டதும் அவர் வெளியே பார்த்து அந்தப் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிட வேண்டும். அதுதான் வழக்கம். ஆள் எதிரிலேயே நின்றால் ஒரு முறையோடு விட்டுவிடுவார். இல்லையென்றால் மூன்றாவது முறை தெரு வரைக்கும் கேட்கும். அதன் பிறகும் வராவிட்டால் உள்ளே திரும்பி ஆப்சென்ட் என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் இளைஞர்கள்; முதல் கூப்பிடுதலுக்கே ஓடினார்கள். நானும் அப்படித்தான் ஓடப்போகிறேன் என்று, பைலின் ஜிப்பைத் திறந்து, இறப்புச் சான்றின் நகலை மேலாக எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதினொன்றரை இருக்கும். அவர் படிக்கு வந்து அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்.

இனிஷியலோடு, முழுப் பெயர். நல்ல கனமான குரல் அவருக்கு. நான் எழுந்திருக்கவில்லை.

எழுந்திருக்கக் கூடாது என்று நினைக்கவில்லை. வேலை செய்த இடத்தில் எல்லோருக்கும் அவர் டிரைவர். எனக்கு அப்பா. இறந்த பிறகு அலுவலகங்களில் இறந்தவர், காலமானவர். அந்தப் பெயரை இப்படி முழுசாக, வாயைத் திறந்து, வா என்கிற தொனியில் யாரும் சொல்லி நான் கேட்டு எத்தனை மாதம் ஆகியிருக்கும்! அவர் எங்கேயோ பக்கத்தில் டீ குடிக்கப் போயிருப்பது போலவும், குரல் கேட்டால் வந்துவிடுவார் என்பது போலவும் இருந்தது அந்தக் கூப்பிடுதல்.

டவாலி இரண்டாவது முறை கூப்பிட்டார். நான் எழுந்தால் மூன்றாவது முறை கூப்பிட மாட்டார். அது மட்டும்தான் அந்த நேரத்தில் என் மூளைக்குள் இருந்தது. மூன்றாவது முறை, கேட்டைப் பார்த்து, கழுத்து நரம்பு புடைக்கக் கூப்பிட்டார். வராந்தாவில் இருந்தவர்கள்கூட யாரது என்று கேட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

பிறகு அவர் உள்ளே திரும்பி, "ஆப்சென்ட்" என்றார். அடுத்த பெயரைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

பக்கத்து அக்கா என் மடியிலிருந்த சம்மனைப் படித்திருக்க வேண்டும். என் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏ பாப்பா! இந்தப் பேருதான கூப்ட்டாங்க? இன்னா நீ கல்லாட்டம் குந்திக்கினு கீற? வாரண்டு போட்டுடப் போறாங்க, ஓடு!"

அப்போதுதான் எனக்கு நடந்தது உறைத்தது. எத்தனை நகல் வேண்டும் என்பது வரை எழுதி வைத்துக்கொண்டு வந்தவள், செய்ய வேண்டியிருந்த ஒரே காரியத்தை, எழுந்து நிற்பதை, செய்யவில்லை. படிக்கு ஓடினேன். அடுத்த ஆளை உள்ளே அனுப்பிவிட்டு டவாலி என்னைப் பார்த்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். முகத்தில் எரிச்சல்.

"இங்கதானம்மா குந்திக்கினு இருந்த? மூணு தரம் தொண்ட கிழியக் கத்தனேன். காதுல உழலயா?"

"விழுந்துது சார்."

"உழுந்துதுன்னா எழுந்து வர்றதுக்கு இன்னா?"

"அது எங்க அப்பா பேரு சார். அவர் இல்ல." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அவரை யாரும் கூப்பிட்டு ரொம்ப நாளாச்சு சார். அதான் கேட்டுக்கிட்டு இருந்துட்டேன்."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. அவர் என் கையிலிருந்த சம்மனையும் இறப்புச் சான்றையும் வாங்கிப் பார்த்தார்.

"வாரண்ட் போட்டுட்டாங்களா சார்?"

"செத்தவருக்கு வாரண்ட் போட்டு, யாரு போயி புடிச்சாறது?" என்றார் சட்டென்று. உடனே, சொல்லியிருக்கக் கூடாது என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போயி குந்து. வுட்டுப்போனதெல்லாம் சாப்பாட்டுக்கு முன்ன இன்னொரு தரம் கூப்புடுவாங்க. நான் உள்ள சொல்றேன். எங்கயும் போயிடாத."

ஒரு மணி நேரம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த அக்காவும் கணவரும் உள்ளே போய் அபராதத்தோடு வெளியே வந்து, எனக்குத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பெஞ்சில் இப்போது தாராளமாக இடம் இருந்தது. எனக்குள்ளே ஆப்சென்ட் என்ற அந்த ஒரு வார்த்தைதான் சுற்றிக்கொண்டிருந்தது. காய்ச்சலோடுகூட டியூட்டிக்குப் போன மனிதர். அம்மா இறந்த இரண்டாவது வாரமே பஸ்ஸை எடுத்தவர். அவர் பெயருக்கு நேராக, அவர் கால் படாத இடத்தில், சிக்னல் தாண்டினார், கூப்பிட்டால் வரவில்லை என்று எழுதியிருக்கும். நான் தெரியவில்லை என்று சொன்னால் வழக்கு முடிந்துவிடும், உண்மைதான். ஆனால் இறந்ததால் முடிந்தது என்றுதான் எழுதுவார்கள். அவர் செய்யவில்லை என்று அல்ல.

அந்தத் தாளை இனி யாரும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை என்பதும் தெரியும். இரண்டு பக்கமும் யோசித்துக்கொண்டே இருந்தேன். முடிவுக்கு வந்தேன் என்று சொல்ல முடியாது.

பன்னிரண்டரை ஆகும்போது டவாலி படியிலிருந்து இறங்கி என்னிடமே வந்தார்.

"அடுத்து உன்னுதும்மா. நீ எதுருலயே இருக்க, பேரு கூப்புடணும்னு இல்ல. அப்படியே என் பின்னால உள்ள வந்துடலாம்." கொஞ்சம் தயங்கினார். "இல்ல, கூப்புடட்டுமா?"

அவர் கேட்டது எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும், "கூப்பிடுங்க சார்" என்றேன்.

அவர் திரும்பிப்போய்ப் படியில் ஏறி நின்றார். தோளில் சரிந்திருந்த பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. வராந்தா ஏறக்குறையக் காலியாக இருந்தது. கேட்டை நோக்கி, காலையில் கூப்பிட்ட அதே குரலில், அதே கனத்தோடு அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார். இரண்டாவது முறை, இடையில் சரியாக அதே இடைவெளி விட்டு. அவசரப்படாமல் மூன்றாவது முறையும்.

"வந்துட்டேன் சார்" என்று எழுந்து போனேன்.

உள்ளே நீதிபதி ஒரு பெண். முப்பதுகளின் கடைசியில் இருப்பார். காலையிலிருந்து ஒரே மாதிரி வழக்குகளைப் பார்த்த களைப்பு முகத்தில் இருந்தது. இறப்புச் சான்றை வாங்கிப் படித்தார். தேதியைச் சம்மனோடு ஒப்பிட்டார்.

"இவர் இறந்து அஞ்சு மாசம் கழிச்சு இந்த வண்டி சிக்னல் தாண்டியிருக்கு. ஓட்டினது யாரு?"

கேட்க மாட்டார்கள் என்று குமாஸ்தா சொன்ன கேள்வி. பக்கத்தில் நின்ற காவலரின் கையில் அந்தப் படத்தின் பிரிண்ட் இருந்தது. ரெயின்கோட்டும் ஹெல்மெட்டும் யாருடையதாகவும் இருக்கலாம்.

"நான்தான் மேடம்."

அவர் நிமிர்ந்தார். "படத்துல அப்படித் தெரியலையே. யாராவது சொல்லச் சொன்னாங்களா?"

"இல்ல மேடம். ரெயின்கோட் என்னுது. ஹெல்மெட்தான் அப்பாவோடது. சிவப்பு விழுந்ததைப் பார்த்துட்டுத்தான் தாண்டினேன்." மோட்டார் பழுதுக்குக் காரணம் சொல்வது போலத்தான் சொன்னேன். "அவர் இருபத்தாறு வருஷம் மலைக்கு பஸ் ஓட்டினவர் மேடம். ஒரு கேஸ் இல்ல. இது அவர் பேர்ல இருக்க வேணாம்."

நீதிபதி என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்து எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, எழுதுவதை வாய்விட்டும் சொன்னார். சம்பவம் நடந்த நாளில் உரிமையாளர் உயிரோடு இல்லை, வாகனத்தை ஓட்டியவர் அவர் அல்ல, அவர்மீதான நடவடிக்கை கைவிடப்படுகிறது என்று. அவர் அல்ல என்கிற அந்த இரண்டு வார்த்தைகளை நான் என் காதால் கேட்டேன். பிறகு காவலரிடம், என்மேல் புதிதாக வழக்கு எழுதிக் கொண்டுவரச் சொன்னார். அது எழுதி வந்ததும் குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று முறைப்படி கேட்டார். ஒப்புக்கொண்டேன். அபராதம் விதித்தார்.

"முதல்ல வண்டியப் பேர் மாத்துங்க" என்றார் கடைசியாக. "நாளைக்கு ஒரு விபத்துன்னா நீங்கதான் கஷ்டப்படணும்." கோபமாகச் சொல்லவில்லை.

பணம் கட்டி ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது குமாஸ்தா மரத்தடியிலேயே இருந்தார். என் கையைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"தெரியல. நாலே எழுத்து பாப்பா! அது வாயில வரலயா? இன்னா படிச்சி இன்னா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். சிரித்துவிட்டேன். அன்று நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

டவாலிக்கு ஒரு நன்றியாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று மறுபடியும் படிப்பக்கம் போனேன். சாப்பாட்டு இடைவேளைக்கு முன் மிச்சமிருந்த பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு நேராகத்தான் பார்த்தார். அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. வராத யாரையோ தேடும் பார்வை அது. நான் சற்று நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வீடு வந்து சேரும்வரை யாரும் இல்லை, வீட்டிலும் இல்லை. இதை முதன்முதலாக இப்போதுதான் சொல்கிறேன்.

அடுத்த வாரமே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் வண்டியை என் பெயருக்கு மாற்றினேன். நோட்டில் அந்தக் கடைசி வரிக்கும் கோடு போட்டாயிற்று. இப்போது எந்த அலுவலகத்திலும், எந்தத் தாளிலும் அப்பாவை யாரும் வரச்சொல்லப் போவதில்லை. சிக்னலில் மஞ்சள் விழுந்தால் நின்றுவிடுகிறேன். பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள்.

கடைசி முறையாக அவர் பெயர் உரக்கக் கூப்பிடப்பட்டது அந்த வராந்தாவில்தான். பதில் சொல்ல யாருமில்லாமல் அந்தப் பெயர் கேட் வரைக்கும் போய் வெறுமனே திரும்பிவிடவில்லை, எழுந்து போக நான் ஒருத்தி அங்கே இருந்தேன் என்பதை நினைத்துக்கொள்ளும் நாட்களில், வீட்டுக்கு வந்து பூட்டைத் திறப்பது எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.